காலியான எண்கள்

காலை பதினொன்றுக்கு திருவேற்காடு லேபிலிருந்து சித்ராவின் போன் வந்தது. இருபது லேப்களின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், அம்பத்தூர் எஸ்டேட்டில் சௌம்யா பார்த்துக்கொள்ளும் சர்வர் வழியாகத்தான் நோயாளிகளின் வாட்ஸப்புக்குப் போகும்.

“இன்னா மேடம், காலைலேர்ந்து போன பதினாலு பேருக்கும் பொட்டாசியம் நாலு புள்ளி ரெண்டுன்னே கீது. எல்லாருக்கும் நல்லா கீதுன்னு சொல்லுது. அதான் பயமா கீது.”

சௌம்யா ரிப்போர்ட் ஃபோல்டரைத் திறந்தாள். ஒன்பது பத்துக்கு, அனுப்பக் காத்திருந்த எல்லாவற்றையும் யாரோ திருத்தி எழுதியிருந்தார்கள். எழுதிய ஆளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இலக்க எண் ஒன்றுதான் இருந்தது.

அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். கன்டெய்னர் என்பது சர்வருக்குள் ஒரு வாடகை அறை மாதிரி. உள்ளே இருப்பவன் ராஜா, கதவைத் தாண்டினால் வெறும் ஆள். ஒருவருடைய அறைக்குள்ளிருந்து இன்னொருவர் பொருளைத் தொடாமலிருக்க, ஆளுக்கு அறுபத்தைந்தாயிரம் எண்கள் தனியாக ஒதுக்கப்படும்; எது யாருடையது என்று சர்வர் அந்த எண்ணை வைத்துத்தான் பார்க்கும். மூன்று மாதம் முன்பு, உடன் வேலை பார்த்த அருள் வேலையை விட்டுப் போனபோது, தணிக்கைக்கு முன்னால் அவன் கணக்கை எடுத்துவிடச் சொல்லி மேனேஜர் குதித்தார். ரிப்போர்ட்டுகளை எழுதும் கன்டெய்னர் அருளின் எண்களில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். சௌம்யா அதை ஓடவிட்டு, கணக்கை மட்டும் வலுக்கட்டாயமாக நீக்கினாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அவள் கை சுலபமாக நுழைந்துவிட்டது. எண்கள் காலியாகிவிட்டன என்று சர்வர் எண்ணிக்கொண்டது. போன வாரம் சேர்ந்த மோகனுக்கு அதே எண்களைத் தூக்கிக் கொடுத்தும் விட்டது; அதோடு அருளின் எண்ணில் இருந்த ரிப்போர்ட்டுகளைத் திருத்தும் உரிமையும் போய்விட்டது.

“மோகன், காலையில என்ன ஓட்டின?”

“டெஸ்ட் டேட்டாக்கா. ரிப்போர்ட் ஃபோல்டர என் கன்டெய்னர்ல மாட்டி, எல்லாத்துலயும் நாலு புள்ளி ரெண்டுன்னு ரொப்பிப் பாத்தேன். எழுதவுடாது, எர்ரர் அடிக்கும்னு நெனச்சேன். நீங்கதானேக்கா சொன்னீங்க, உள்ள ராஜாவா இருந்தாலும் வெளிய நான் ஒண்ணுமில்லன்னு?”

சொன்னவள் அவள்தான். இரண்டு கன்டெய்னர்களையும் நிறுத்திவிட்டு, லைனில் இருந்த சித்ராவிடம் லேப் மெஷினில் இருக்கும் அசல் அளவுகளைப் படிக்கச் சொன்னாள். சித்ரா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஒன்பதாவது பெயரில் நின்றாள்.

“பஞ்சவர்ணம். பாரிவாக்கம். ஏழு புள்ளி ஒண்ணு கீது மேடம், அஞ்சரையத் தாண்டவே கூடாது. கிட்னி பேஷண்ட்டு. இன்னிக்கே டயாலிசிஸ் வேணுமான்னு பாக்கத்தான் ரத்தம் குடுத்துச்சு.”

சௌம்யா அந்த அம்மாளின் நம்பருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்துக்கொண்டே அனுப்பிய ரிப்போர்ட்டைக் கணினியில் திறந்தாள். அதன் கீழே மகள் பதில் எழுதியிருந்தாள்.

“தேங்ஸ் சார். நல்லா கீதுன்னதும் அம்மா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுடுச்சு. ஆறு மாசமா ஆசப்பட்டுச்சேன்னு எளநீ வாங்கிக் குடுத்தேன். குடிச்சிட்டுப் படுத்துகினு கீது.”

பொட்டாசியம் ஏறிய உடம்புக்கு இளநீர் விஷம். மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது. பதிலோடு ஒரு படமும் வந்திருந்தது: வாசற்படியில் சீவிய இளநீர்க் காய்கள் இரண்டு, ஒன்றில் ஸ்ட்ரா செருகியபடியே.