பதினேழாம் எண் கட்டி

...நீக்க மாட்டாள், யார் வந்து சொன்னாலும் சரி, முடிவுப் பட்டியலிலிருந்து பதினேழை நீக்க மாட்டாள், மூன்றாவது தடவையாகச் சோதனையை ஓட்டுகிறாள், இன்னும் பத்தே நிமிடம், திரையில் கோடுகள் ஏற ஆரம்பித்தாயிற்று, நாற்பது நோயாளிகளின் கட்டிக்கு நாற்பது கோடு, அந்த ஒரு ஜீன் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கோடு ஏறும், முப்பத்தொன்பதில் பேய் பிடித்த மாதிரி வேலை செய்கிறது, செல்லைப் பெருகு பெருகு என்று விரட்டுகிறது, பதினேழில் மட்டும் தூங்குகிறது. தூங்கினால் அதற்கு இவள் என்ன செய்வாள்? முதல் தடவை ஆய்வுக்கூடத் தலைவர் பார்த்துவிட்டுச் சிரித்தார், "கட்டியை விட்டுட்டு நீ பக்கத்துச் சதையை வெட்டியிருப்பேம்மா, கை தவறுறது சகஜம்தான்." சகஜமாம்! பதினொரு வருடமாக இந்த மேஜையில் வெட்டுகிறாள், கட்டி எது, நல்ல சதை எது என்று ஸ்லைடைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள், கையுறை மாட்டவே இரண்டு நிமிடம் எடுக்கிற மனுஷர் இவள் கையைச் சொல்கிறார். இருந்தும் வாயை மூடிக்கொண்டு கட்டியின் நட்டநடுவிலிருந்து மறுபடி வெட்டினாள், மறுபடியும் அதே தூக்கம், உடனே "சாம்பிள் கெட்டிருக்கும்" என்றார், கெட்டிருந்தால் எல்லாச் செல்லிலும் எப்போதும் ஓடுகிற, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் இன்னொரு ஜீன் மட்டும் இதே சாம்பிளில் எப்படி ஒழுங்காக ஏறுகிறது, அதற்கு என்ன பதில்?

அவருக்குக் கட்டுரையில் போடுகிற வரைபடம் அழகாக வர வேண்டும், அவ்வளவுதான். பதினேழு என்றால் யார்... பெண், வயது ஐம்பத்திரண்டு, அதற்கு மேல் இவளுக்குத் தெரியாது. அந்த ஜீனை அடக்கும் மருந்தைத்தான், பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாற்பது பேருக்கும் கொடுக்கப்போகிறார்கள், அதுவே வேலை செய்யாத உடம்பில் மருந்து எதை அடக்கும், வாந்திதான் மிச்சம், அந்தக் கட்டி வேறு எதையோ பிடித்துக்கொண்டு வளர்கிறது, அது எது என்று தேட வேண்டாமா, நீக்கிவிட்டால் எவன் தேடுவான்? "அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் முடியுது, உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று காலையில் கணவன் கேட்டான், நியாயமான கேள்விதான், முடிந்தால் முடியட்டும். இதோ எல்லாம் ஏறிவிட்டன, பதினேழு தரையோடு தரையாகக் கிடக்கிறது. பார்த்தீர்களா!

கதவு திறந்தது, தலைவர்தான், திரையை ஒரு பார்வை பார்த்தார். "ஒண்ணே ஒண்ணும்மா. எடுத்துடு." "எடுக்க மாட்டேன் சார். மூணு தடவை ஓட்டியாச்சு. வேணும்னா நீங்களே எடுத்துட்டு, காரணம் எழுதி, உங்க கையெழுத்தைப் போடுங்க." அடேயப்பா, இதுவா தன் குரல், பார்வையைக்கூடத் தாழ்த்தவில்லை, எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது! அவர் கோபப்படவில்லை, அதுதான் ஆச்சரியம், நிஜமாகவே புரியாதவர் போல நின்றார். "போன வருஷ ஆய்வுல இருபத்தாறை எடுக்கச் சொன்னப்ப உடனே எடுத்தியே, இப்ப என்ன வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இருபத்தாறு... ஆமாம், எடுத்தாள், அதுவும் இப்படித்தான் தரையில் கிடந்தது, தன் கைதான் தவறிவிட்டது என்று நினைத்தாள், ஒரே ஒரு தடவைதான் ஓட்டினாள். வயது என்ன, ஆணா, பெண்ணா... யோசித்து யோசித்துப் பார்க்கிறாள், ஞாபகம் வரவில்லை.