பாயின்ட் மூன்றைத் தாண்டினால்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து பாம்பனில் விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடந்தன. டென்னிஸுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்டதும், மனைவி பிரெசில்லா இருந்த உள்ளறையை எட்டிப் பார்த்தான்.

பிரெசில்லா பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியை. விடுமுறை நாளென்றால் அந்த அறையில் இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பயணிகள் விமானம் ஓட்டுவாள். கணினி விளையாட்டுதான், ஆனால் அசல் விமானத்தின் விதி ஒன்றையும் விடமாட்டாள். டென்னிஸ் அதைக் கேலி செய்ததில்லை, உட்கார்ந்து பார்த்ததுமில்லை.

"நானும் வரவா?" என்றான்.

அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. "வாங்க, கோ-பைலட் சீட்டு காலியாத்தான் கெடக்கு" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கொல்கத்தாவிலிருந்து காத்மாண்டு. மலைகளுக்கு நடுவே வளைந்து இறங்குவதை அவனுக்குக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. திரையின் மூலையில் இருந்த இரண்டு எண்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவனிடம் கொடுத்தாள்.

"மேல உள்ளது பாயின்ட் மூணு, மாறாது. கீழ உள்ளது மாறும். அது பாயின்ட் மூணைத் தாண்டுச்சுன்னா உடனே சொல்லணும்."

"என்னது அது?"

"நான் இங்கன இருக்கேன்னு விமானம் சொல்லுதுல்ல, அது எவ்வளவு தூரம் தப்பா இருக்கலாம்னு கணக்கு. கடல் மைல்ல. சுத்தி மலை. அளவைத் தாண்டுனா மேகத்துக்குள்ள இறங்கக் கூடாது."

கடல் மைல் என்றதும் டென்னிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மேகத்துக்குள் நுழைந்து பாதி இறங்கியிருப்பார்கள். விமானத்தின் ஜி.பி.எஸ். செத்துப்போனது. அப்படித் திடீர்ப் பழுதுகள் வரும்படி அவளே அமைத்து வைத்திருந்தாள். கீழ் எண் ஏறத் தொடங்கியது.

"பாயின்ட் ஒன்னு நாலு... ரெண்டு ரெண்டு..." டென்னிஸ் வரைபடத்தைப் பார்த்தான். "ஆனா கோட்டு மேலதான போகுது? இம்மிகூட வெலகலயே."

"கோட்டு மேல போறதா அது நெனைக்குது. உங்க போட்டுல ஜி.பி.எஸ். தப்பாக் காட்டுனா சொல்லுமா? இது சொல்லுதுல்ல."

"மூணு ஒன்னு" என்றவன் உடனே குரலைத் தாழ்த்தினான். "எறக்கிரு பிரெசி. யாரு பாக்கப் போறா?"

அவளுக்கும் கை தயங்கியது. எத்தனையோ தடவை இறங்கிய ஓடுதளம். அவன் இப்போது எழுந்து போய்விட்டால் மறுபடி வருவானோ மாட்டானோ. ஆனாலும் வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. என்ஜின் வேகத்தைக் கூட்டும் நெம்புகோலை முன்னே தள்ளினாள். விமானம் மூக்கைத் தூக்கி ஏறியது.

டென்னிஸின் முகம் சுருங்கிப்போனது. ஆனால் எழுந்து போகவில்லை. பிறகு, "இப்ப எங்க போறது?" என்றான்.

"வாரணாசி. அங்க ஓடுதளத்துலருந்தே சிக்னல் வரும், அதைப் பிடிச்சு எறங்கிரலாம். சக்கரத்தை எறக்குறது உங்க வேலை."

இறக்கினான். விமானம் ஓடுதளத்தில் தொப்பென்று விழுந்து, ஒருமுறை குதித்து, ஓடி நின்றது. "ஏ யப்பா!" என்று டென்னிஸ் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டான்.

சத்தம் கேட்டு அவன் அம்மா யாகப்பம்மாள் வந்து நின்றாள். "ஏலே, என்னலே ஆச்சு?"

"காசிக்கு வந்துட்டோம்மா."

"காசிக்கா? நம்மளா?" என்று கேட்டவளுக்குச் சிரிப்பு தாளவில்லை. "ஊரே அங்கனருந்து இங்கன குளிக்க வருது. நீங்க ரெண்டு பேரும் கைலியும் நைட்டியுமா அங்கன போயி என்னத்தப் பண்ணப் போறீக?"

பிரெசில்லா சிரித்துக்கொண்டே என்ஜினை அணைக்கப் போனாள். டென்னிஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இருப்பா. டீ குடிச்சிட்டு இங்கனருந்தே காத்மாண்டு போவோம். மேகம் வெலகிருக்கும்ல?"