கம்பம் கிளைக்கு ஒரு மேனேஜர்

சுருளிராஜன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். குழம்பில் உப்பே இல்லை என்றான். அனுசுயா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. சொன்னால் சண்டை வரும் என்று பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அவன் வயிறு எரிந்தது குழம்பால் அல்ல. புருஷனும் பெண்சாதியும் போடியில் ஒரே ஏலக்காய்க் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஆள் எடுப்பது, சம்பளம், பரிசு எல்லாம் பார்க்கும் ஹெச்.ஆர். மேனேஜர் அவன். காய் தரம் பிரிக்கும் பெண்களுக்கு அவள் சூப்பர்வைசர். அடுத்த வருஷம் யாருக்கு என்ன பொறுப்பு, யாருக்கு என்ன பரிசு என்று பேச அன்று சாயங்காலம் மேனேஜர்கள் கூடியிருந்தார்கள். கம்பத்தில் திறக்கப்போகும் கிளைக்கு யாரை மேனேஜராகப் போடலாம் என்ற பேச்சு வந்தபோது, அவனைத் தவிர அத்தனை பேரும் அனுசுயாவின் பெயரையே சொன்னார்கள். எல்லாரும் போனபின் முதலாளி ஞானசிகாமணி அவனை மட்டும் நிறுத்திவைத்தார்.

"எனக்கும் அந்தப் பிள்ளதான் சரின்னு படுது சுருளி. ஆனா குடும்பப் பொண்ணு. ஒங்க சம்மதம் இல்லாமச் செய்யக்கூடாதுல்ல? ஒரு வார்த்த சொல்லுங்க."

கட்டிலில் உட்கார்ந்தவனுக்கு எல்லாம் கண்முன்னே வந்தது. வாசலில் கம்பெனி கார் வந்து நிற்கும். அவள் ஏறிப் போவாள். பக்கத்தில் அவன் பழைய வண்டியை உதைத்துக்கொண்டிருப்பான். மேனேஜரம்மா இருக்காகளா என்று தெருவே கேட்டு வரும். அவன் உள்ளே நுழைந்தால் வாயை மூடிக்கொள்ளும் பெண்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட அவளுக்குத்தான் போன் போடுகிறார்கள். அடுக்களையில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதுகூட அவனுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம் போய், அவளுக்கு விருப்பமில்லை, பிள்ளைகள் படிப்புதான் முக்கியம் என்கிறாள் என்றான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பெண்ணா என்று முதலாளி நெகிழ்ந்துபோனார்.

வருஷக் கடைசியில் கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. கம்பம் கிளைக்குக் கார்த்திக்ராஜ் மேனேஜர் என்று அறிவித்தார்கள். அனுசுயாவிடம் வேலை பழகியவன் அவன். அவள்தான் முதலில் கைதட்டினாள். அடுத்து, குடும்பத்துக்காகப் பதவியையே வேண்டாமென்ற குணவதிக்குச் சிறப்புப் பரிசு என்று முதலாளி மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார். மேசையில் பட்டுச்சேலை இருந்தது.

அவள் முகம் வெளுத்தது. மேடையேறினாள். சேலையைத் தொடவில்லை.

"நான் எப்ப சார் வேணாம்னேன்?"

"ஒங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டோம்மா. அவர்தான் சொன்னாரு."

"போன வருஷம் அவுகள மேனேஜராக்குனீகளே சார். அப்ப எங்கிட்டக் கேட்டீகளா?"

ஞானசிகாமணிக்கு வேர்த்துவிட்டது. பழக்கதோஷத்தில் முன்வரிசைப் பக்கம் திரும்பினார்.

"என்ன சுருளி, நீங்க என்ன சொல்றீக?"

பெண்கள் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். அனுசுயா அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். புருஷனிடம் நீட்டினாள்.

"கேக்குறாகள்ல. சொல்லுங்க."

அவன் வாங்கிக்கொண்டான். அவள் எதிரிலேயே நின்றாள். ஒலிபெருக்கியில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.