ஒரு சாண் மேலே நின்ற பந்து

1989ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் தேதி, ஞாயிறு மாலை, சான் ரோகே அரங்கில் எங்கள் வீட்டு எல்பிடியோ மக்காராயெக் எறிந்த பந்து வளையத்துக்கு நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றுவிட்டது. அன்று சந்தையில் மத்தி கிலோ பதினெட்டு பேசோ. இரண்டுக்கும் சாட்சி உண்டு.

அது கூடைப்பந்து லீக்கின் காலிறுதி. முதலிடத்தில் மணிலாவின் சிமென்ட் கம்பெனி அணி. எட்டாம் இடத்தில் எங்கள் ஊர் மத்தி டப்பா ஆலையின் அணி. முதலிடக்காரர்களுக்கு ஒரு வெற்றி போதும். எட்டாம் இடக்காரர்கள் அவர்களை அடுத்தடுத்து இரண்டு முறை வீழ்த்த வேண்டும் என்பது சட்டம். எங்கள் குடும்பம் இந்தச் சட்டத்தைக் குறை சொன்னதில்லை. வலியவனை ஒரு முறை வென்றால் அதிர்ஷ்டம் என்பார்கள், இரண்டு முறை வென்றால் வாயைத் திறக்க மாட்டார்கள். புதன்கிழமை மணிலாவிலேயே எங்கள் பிள்ளைகள் பதினோரு புள்ளியில் வென்றார்கள். ஞாயிறன்று, மூன்று நொடி மீதமிருக்க, 86க்கு 87 என்று பின்தங்கியிருந்தபோது பந்து எல்பிடியோவின் கைக்கு வந்தது.

எல்பிடியோவின் தந்தை ஃபெர்மின் 1961இல் மாகாணக் கோப்பையின் கடைசி எறிதலை இதே அரங்கில் தவறவிட்டவர். குறி தப்பியதை எங்கள் ஊரில் 'மின்டிஸ்' என்போம். அன்று முதல் அதுவே எங்கள் வீட்டுப் பெயர். கடிதம்கூட அந்தப் பெயருக்கு வந்தது. மீன்கார நார்சிசோ, ஃபெர்மினின் மனைவி கிரெசென்சியா காசு கொடுக்கும்போதெல்லாம் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டுவான்.

"மின்டிஸ் வீட்டம்மா, காசாவது கையில விழுமா, இல்ல வெளிய போயிடுமா?"

"உன் தராசைவிட என் கை நேராத்தான் இருக்கு. நீ ஒழுங்கா நிறு" என்பாள் அவள்.

பந்து, சிமென்ட் அணியின் ஆறடி எட்டங்குலம் உயரமுள்ள டொமினதோர் புகாயின் விரல் நுனிக்குச் சற்று மேலாகப் போனது. மணி அடித்தது. பந்து நின்றது. மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சிமென்ட் அணியின் பயிற்சியாளர் ஓடி வந்து, "எவனும் தொடாதீங்கடா! நாம தொட்டா கூடை அவங்களுக்கு!" என்று கத்தினார். எங்கள் பக்கம் தொட்டால் கூடை செல்லாது. மணி அடிக்கும் முன்பே பந்து கையை விட்டுவிட்டதால், அது விழும்வரை ஆட்டம் முடியாது என்று புள்ளி எழுதும் மாக்சிமோ தீர்ப்புச் சொல்லி, கையெழுத்திடாத தாளை வீட்டுக்கு எடுத்துப் போனார். எட்டு மணிக்கு மேல் ஜனங்கள் சோறு உண்ணப் போனார்கள்.

லீக் அந்த வருடத்தை அப்படியே நிறுத்திவைத்து அடுத்ததைத் தொடங்கியது. 1995இன் புயல் அரங்கின் கூரையைக் கொண்டுபோனது, பந்து அசையவில்லை. ஆலை மூடப்பட்டது, எல்பிடியோ ஜீப்னி வண்டியில் ஆள் ஏற்றி ஓட்டினான். நார்சிசோ அவனை 'பாதி மின்டிஸ்' என்று அழைக்கத் தொடங்கினான். மேயர் ஒரு முறை பந்தைத் தட்டி இறக்க மூங்கில் கழியோடு ஆள் அனுப்பினார். கிரெசென்சியா வளையத்தின் கீழே நாற்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்துவிட்டாள்.

"எம் புருஷன் போட்டது தப்புச்சு. ஒத்துக்கிட்டோம். எம் புள்ள போட்டது இன்னும் போய்க்கிட்டிருக்கு. போய்க்கிட்டிருக்கறதைத் தப்புச்சுன்னு சொல்ல எவனுக்கும் உரிமை இல்ல. கழிய எடுத்துக்கிட்டுப் போங்கய்யா."

2011 மே மாதத்தில் ஒரு காலை, டொமினதோர் புகாய் பேருந்தில் வந்து இறங்கினார். முழங்கால் இரண்டும் கெட்டிருந்தன. பழைய சிமென்ட் அணிச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார்.

"எல்பி, ஏணி இருக்கா?"

"எதுக்கு அண்ணே?"

"அன்னைக்கு என் விரல் எட்டல. இருபத்திரண்டு வருஷமா எங்காளுங்க 'நீ தோக்கலடா'ங்கறானுங்க. தோக்கலன்னா ஜெயிச்சிருக்கணும்ல? அதுவும் இல்லையே."

"நீங்க தொட்டா உங்க டீம் தோத்துரும்."

"சட்டத்தை எனக்குச் சொல்லித் தர்றியா? பேசாம ஏணியப் பிடி, குள்ளப் பயலே."

ஒவ்வொரு படியிலும் நின்று ஏறி, ஒரு விரலால் பந்தைத் தொட்டார். எதிரியானாலும் மானம் தெரிந்த வீட்டில் பிறந்தவர். வீட்டுச் செருப்போடு வந்து நின்ற மாக்சிமோ, பழுப்பேறிய தாளை விரித்து 88–87 என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஊரில் யாரும் கூச்சலிடவில்லை; தேவாலய மணியை மட்டும் இரண்டு முறை அடித்தார்கள், இரண்டு வெற்றிக்கு.

அன்று மாலை கிரெசென்சியா சந்தைக்குப் போனாள். நார்சிசோ எழுந்து நின்றான்.

"மக்காராயெக் அம்மா, என்ன வேணும்?"

"ஒரு கிலோ மத்தி. நேரா நிறு."

பந்து கீழே வரவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டதால் அது வரவேண்டிய கட்டாயமும் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை அதில் காற்று கொஞ்சம் இறங்குகிறது. மே மாதத்தில் புகாய் வீட்டார் பம்போடு பேருந்தில் வந்து காற்றடிக்கிறார்கள். எங்கள் வீட்டார் ஏணியைப் பிடிக்கிறோம். நாங்கள் பந்தைத் தொடுவதில்லை.