மொக்கைச்சாமி வீடு எந்தக் கரை

கண்மாய் மடையின் மேல் நின்ற அசோக்குமார், கையிலிருந்த ஹெல்மெட்டை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தான். வண்டியில் மாட்டலாம் என்றால் வண்டியைச் சாலையோர டீக்கடையிலேயே விட்டு வந்தாயிற்று. நாகஜோதி அதை வாங்கிப் பக்கத்துக் கருவேல மரத்துக் கிளையில் தொங்கவிட்டாள். "திரும்பி வரயில எடுத்துக்கிருவோம். இந்தக் காட்டுல இதை யாரு தூக்கப் போறா?" என்றாள். பிறகு சுடிதார் பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு மடைக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் போன தடமே இல்லை. காலி பாட்டில்களும் ஒரு கிழிந்த தார்ப்பாயும் கிடந்தன. ஒத்தப்புளிப்பட்டி வாய்க்கால் இங்கேதான் புறப்பட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த வாய்க்காலைப் பற்றி எல்லோரும் ஒத்துக்கொள்கிற விஷயமும் அது ஒன்றுதான்.

இவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது இந்தச் செத்துப்போன வாய்க்காலைப் பொறுத்து இருந்தது. கேட்டால் சிரிப்பு வரும். அவர்களுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கிற ஒத்தப்புளிப்பட்டியில் ஊருக்கு நடுவே வடக்கிலிருந்து தெற்காக அந்த வாய்க்கால் ஓடியது. கிழக்குக் கரையில் குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பி. மேற்குக் கரையிலும் அப்படியே. ஒரே கரையில் பெண் எடுப்பது கூடப்பிறந்தவளைக் கட்டுகிற மாதிரி, நினைத்தாலே பாவம். வாய்க்காலைத் தாண்டித்தான் பெண் கொடுக்கவும் எடுக்கவும் வேண்டும். தண்ணீர் ஓடியவரைக்கும் இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. பிறகு மழை குறைந்தது, கண்மாய் மேடேறியது, வாய்க்காலில் பாதியைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது, மீதியின் மேல் சிமெண்ட் ரோடு வந்தது. ஆனால் வாய்க்கால் போனதே தவிர முறை போகவில்லை.

அசோக்குமார் பழங்காநத்தத்தில் டூவீலருக்கு சீட் கவர் தைத்துப் போடும் கடை வைத்திருக்கிறான். நாற்பத்தைந்தைத் தாண்டியவன். மனைவி காய்ச்சலில் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நாகஜோதி அதே தெருவில் ரத்தம் பரிசோதிக்கிற லேப்பில் வேலை பார்ப்பவள். முதல் கல்யாணத்தை நாலு பேர் முன்னிலையில் தீர்த்துக்கொண்டு வந்தவள். சர்க்கரை பார்க்கப் போன அசோக்குமார் ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்ள, "மூச்சை விடுங்க, செத்துகித்துப் போயிராதீங்க" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சர்க்கரை இருந்ததோ இல்லையோ, சந்தேகம் மட்டும் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. பேச்சு வளர்ந்து, இருவருக்கும் பூர்வீகம் ஒத்தப்புளிப்பட்டி என்று தெரிந்த அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் அவளுடைய பெரியப்பா நல்லகாமனைப் பார்க்கப் போனவரைக்கும்தான் இருந்தது.

நல்லகாமன் நல்ல மனுஷன்தான். காபி கொடுத்தார். பிள்ளைக்கு ஒரு துணை அமைந்தால் சந்தோஷம் என்றார். அப்புறம் தாத்தா பெயரைக் கேட்டார். மொக்கைச்சாமி என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்ம கிழக்குக் கரை ஆளாச்சே தம்பி. சாயங்கால வெயிலு வாய்க்கா தண்ணியில பட்டு அவுக வீட்டுச் சுவத்துல அலையலையா ஆடும். அதைப் பாக்கன்னே போயி நிப்பேன். அப்ப வாய்க்கா வீட்டுக்கு மேக்க இருக்கு, வீடு கிழக்குக் கரை. நாகஜோதி ஒனக்குத் தங்கச்சி முறை வருது."

அசோக்குமார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "எங்கப்பா வேற மாதிரியில்ல சொல்வாரு. காலையில தண்ணியில பட்ட வெயிலு வந்து மூஞ்சியில ஆடித்தான் முழிப்பு வரும்பாரு. அப்ப வாய்க்கா கிழக்க இருந்துச்சுன்னு ஆகுது. வீடு மேக்குக் கரைதான?"

"ஒங்கப்பன் ஊரை விட்டுப் போகயில டவுசர் போட்ட பய. அவனுக்குக் கிழக்கேது மேக்கேது?"

"நீங்களும் அப்ப டவுசருதான பெரியப்பா" என்றாள் நாகஜோதி.

"நான் டவுசரு போட்டாலும் ஊருக்குள்ளயே கெடந்தவன்" என்று அவர் முடித்துவிட்டார்.

பதிவு அலுவலகத்தில் போய் நின்றால் எந்த அதிகாரியும் கரை கேட்கப் போவதில்லை. அது இருவருக்கும் தெரியும். ஆனால் நாகஜோதி ஒரு தடவை எல்லோரையும் விட்டுத் தனியாக நின்று பார்த்தவள். அந்த வருடங்களில் ஒரு பொங்கலுக்குக்கூட அவள் வீட்டு வாசலுக்கு யாரும் வந்ததில்லை. வந்த ஒரே ஆள் இந்தப் பெரியப்பா. அவரைத் தள்ளிவிட்டு இன்னொரு வாழ்க்கையைத் தொடங்க அவளுக்கு மனசில்லை. "போயி நடந்து பாத்துருவோம். இல்லைன்னா இல்லைன்னு ஆகட்டும்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையில்தான் அசோக்குமாருக்குத் தூக்கம் போயிற்று.

மடையிலிருந்து இறங்கித் தெற்கே நடந்தார்கள். முதலில் வாய்க்கால் வாய்க்கால் மாதிரியே இருந்தது. இரண்டு பக்கமும் கல் அடுக்கிய கரை, நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குப் பள்ளம். கொஞ்ச தூரத்தில் கல்லை யாரோ வீடு கட்ட அள்ளிப் போயிருந்தார்கள். அப்புறம் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிட்டன. எங்கே போவதென்று தெரியாமல் நின்றபோது நாகஜோதிதான் கீழே பார்த்தாள். மண்ணில் நத்தை ஓடுகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. தண்ணீர் நின்ற இடத்தில்தானே நத்தை இருக்கும்? அந்த ஓடுகளைப் பார்த்தே நடந்தார்கள். ஒரு மயில் இவர்களுக்கு முன்னால் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வந்த காரியத்தை மறந்து அசோக்குமார் சந்தோஷமாக இருந்தான். அவளோடு இவ்வளவு நேரம் தனியாக அவன் நடந்ததே இல்லை. லேப்பில் எப்போதும் யாராவது சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

வழியில் கரி மூட்டத்துக்குக் கருவேலம் வெட்டிக்கொண்டிருந்த சின்னக்கருப்பன் வாய்க்காலைப் பற்றிக் கேட்டதும் அரிவாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நீச்சல் பழகுனதே இதுலதான். இம்புட்டு அகலம்" என்று இரண்டு கையையும் விரித்தார். அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, எழுந்து போய் எதிர்ப்புதரைத் தொட்டுக் காட்டினார். "இங்கிட்டிருந்து அந்தா அது வரைக்கும். துண்டை விரிச்சா அயிரை மீனு அம்புட்டு விழுகும்."

"மொக்கைச்சாமி வீடு எந்தக் கரையில இருந்துச்சுண்ணே?"

"அது எனக்கு முன்னாடி ஆளு. நேரா போங்க, கல்லு வரும். அதுக்கு நேர் தெக்கதான் எங்கயோ சொல்வாக."

கல் வந்தது. இடுப்புயரத்தில், வாய்க்காலின் நடுவே நட்டுவைத்த கல். அதன் இரண்டு விலாவிலும் பலகை செருகுகிற காடி வெட்டியிருந்தது. அங்கிருந்து பள்ளம் இரண்டாகப் பிரிந்து, ஒன்று இடப்பக்கம் கிழக்கேயும் ஒன்று வலப்பக்கம் மேற்கேயும் புதருக்குள் போயிற்று. எது வாய்க்கால், எது சும்மா ஓடை?

"நான் இதுல போறேன், நீங்க அதுல போங்க" என்று சொல்லிவிட்டு நாகஜோதி இடது பள்ளத்தில் இறங்கிவிட்டாள். அசோக்குமார் வலது பக்கம் போனான்.

கருவேலம் நடுவே சுவர் மாதிரி நின்றது. ஆளைத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அங்க நத்தை ஓடு கெடக்கா?"

"கெடக்கு. அங்க?"

"இங்கயும் கெடக்கு."

கொஞ்ச நேரத்தில் அந்தக் குரலும் தேய்ந்துவிட்டது. முள் கீறிய கையைத் துடைத்துக்கொண்டு அவன் தனியாக நடந்தான். அவள் போகிற பள்ளம்தான் வாய்க்கால் என்று ஆகிவிட வேண்டும் என்று குலசாமியை வேண்டிக்கொண்டான். கிழக்கே வாய்க்கால் ஓடியிருந்தால் தாத்தா வீடு மேற்குக் கரை, எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அவன் காலடியிலும் நத்தை ஓடுகள் நொறுங்கிக்கொண்டே இருந்தன. அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. இந்த வயதில் ஒரு பொம்பளைக்காக முள்ளுக்காட்டுக்குள் கண் கலங்குகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அவள் இல்லாமல் தெருவில் அந்த லேப்பைத் தாண்டி எப்படிக் கடைக்குப் போவது என்று நினைத்தான்.

பள்ளம் இடப்பக்கமாக வளைந்தது. புதரை விலக்கிக்கொண்டு அவன் வெளியே வந்தபோது எதிர்ப்புதரை விலக்கிக்கொண்டு நாகஜோதி வெளியே வந்தாள். தலையெல்லாம் கருவேல இலை. இருவர் வந்த பள்ளமும் அங்கே ஒன்றாகச் சேர்ந்து, பழையபடி ஒரே வாய்க்காலாகத் தெற்கே போனது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பள்ளத்துக்கும் நடுவே ஒரு திட்டு இருந்தது. அதன் மேல் ஒரு வேப்பமரமும், முள்வேலி போட்ட ஆட்டுப்பட்டியும், மரத்தடியில் ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும்.

அசோக்குமார் தான் பேரன் என்று சொல்லி விசாரித்தான். "மொக்கைச்சாமி வீடா?" என்றாள் அந்தப் பெண். அவள் பெயர் ஒச்சாயி. "இதுதான். என் மாமனாரு அவுககிட்டதான இந்த எடத்தை வாங்குனாரு. வீடு விழுந்து போச்சு, அஸ்திவாரக் கல்லு மட்டும் கெடக்கு. அப்பல்லாம் ரெண்டு பக்கமும் தண்ணி ஓடுமாம். அங்கிட்டுப் போகவும் பலகை, இங்கிட்டுப் போகவும் பலகை."

அசோக்குமார் கிழக்கே பார்த்தான், மேற்கே பார்த்தான். காலையில் அந்தப் பக்கத்துத் தண்ணீரிலிருந்து அப்பாவின் முகத்துக்கு வெயில் வந்திருக்கிறது. சாயங்காலம் இந்தப் பக்கத்துத் தண்ணீரிலிருந்து சுவரில் ஆடியிருக்கிறது. டவுசர் போட்ட பயல்கள் இரண்டு பேருமே சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நாகஜோதி அஸ்திவாரக் கல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அது நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"அப்ப நான் எந்தக் கரை?" என்றான்.

"ரெண்டுமில்ல."

"பெரியப்பா என்ன சொல்வாரு?"

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தான் வந்த பள்ளத்தையே பார்த்தாள். "கிழக்குக் கரையில பொறந்தவ இந்த வீட்டுக்கு வரணும்னா வாய்க்காலைத் தாண்டித்தான வரணும்? அதைத்தான் அவருகிட்டச் சொல்லப் போறேன். அப்புறம் அவரு பாடு."

அவர் என்ன சொல்வார் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் அசோக்குமாருக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது.

குழையைக் கட்டி முடித்த ஒச்சாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள். "இவரு பேரன். சரி. நீ யாருத்தா?"

அசோக்குமார் வாயைத் திறந்தான். அதற்குள் நாகஜோதி எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வாரேன்."

வீடா, என்று கேட்கிற மாதிரி ஒச்சாயி ஆட்டுப்பட்டியைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. வேலிப் படலைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, மண்ணில் பாதி புதைந்திருந்த ஒரு நீளக் கல்லைக் காலால் தேய்த்துக் காட்டினாள். "இதான் வாசப்படி. வலது காலை எடுத்து வச்சு வாத்தா."

நாகஜோதி ஷூவைக் கழற்றி அசோக்குமார் கையில் கொடுத்தாள். வலது காலைத் தூக்கினாள். வாசல்படிக்கு உள்பக்கம் ஒரு ஆட்டுக்குட்டி வழியை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. ஒச்சாயி அதட்டியும் அது தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. அது எழுந்திருக்கட்டும் என்று, அசோக்குமாரின் தோளைப் பிடித்துக்கொண்டு, தூக்கிய காலோடு அவள் நின்றாள்.