வேம்புலிக்கு ஒரு நாற்காலி

காட்டுப்பாக்கத்தில் ஹேமாவதி வீட்டில் கார் கிடையாது. கார் நிறுத்துவதற்கென்று கட்டிய இடத்தில்தான் அவள் நாற்காலி செய்கிறாள். நடுவில் ஒரு வேலை மேசை, சுவரில் ரம்பங்களும் உளிகளும், மூலையில் சாய்த்து வைத்த பலகைகள். கேட் எப்போதும் திறந்தே கிடப்பதால் தெருவில் போகிறவர்கள் நின்று ஒரு வார்த்தை பேசாமல் போக மாட்டார்கள். மரத்தூள் பறந்து எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் ஒட்டிய நாட்களில் மட்டும் அந்தப் பேச்சு கொஞ்சம் சூடாக இருக்கும்.

முன்பு அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில், இயந்திரங்களை வெளியூருக்கு அனுப்ப மரப்பெட்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் மேற்பார்வை பார்த்தாள். எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் பெட்டியைக் கடப்பாரையால் பிளந்து எறிந்துவிடுவார்கள். அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. கம்பெனி ஊரைவிட்டு வெகுதூரம் போனபோது அவள் கூடப் போகாமல் வீட்டிலேயே தங்கினாள். சாப்பாட்டு மேசைக்கு ஒரு நாற்காலி செய்து பார்த்தாள். அது ஆடியது. அடுத்தது ஆடவில்லை. அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

அவள் கணவன் இளங்கோ ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஒல்லியான ஆள். வேலை முடிந்து வந்ததும், "இன்னைக்கு எதுல உட்காரலாம், எதுல பசை காயுது?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவான்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, பக்கத்துத் தெரு அஞ்சலை வந்தாள். உள்ளே வந்தவள், செய்து வைத்திருந்த நாற்காலி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"ஹேமா, எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு சேர் செஞ்சி குடேன். அந்தாளு குந்தினா ஒடையக் கூடாது. அதான் வோணும்."

அஞ்சலையின் கணவர் வேம்புலியை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் லாரி ஓட்டுகிறார். லாரிக் கதவைத் திறந்து அவர் இறங்கினால் லாரியே ஒரு பக்கம் நிமிர்ந்துகொள்ளும், அவ்வளவு பெரிய உடம்பு. குரலும் சிரிப்பும் அதற்கேற்ற மாதிரி. ஆனால் கொஞ்ச நாளாக அந்தச் சிரிப்புச் சத்தம் தெருவில் கேட்கவில்லை. ஹேமாவதி அதைக் கவனித்திருந்தாள்; காரணம் தெரியாது. இப்போது அஞ்சலை சொன்னாள்.

குமணன்சாவடியில் ஒரு கல்யாணப் பந்தி. இலை போட்டாகிவிட்டது. வேம்புலி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சாம்பார் ஊற்றும்போது நாற்காலியின் கால்கள் அகன்றன. இலையைப் பிடித்துக்கொண்டே அவர் கீழே போனார். பரிமாறியவர் கையிலிருந்த வாளியும் கூடப் போனது. பந்தியில் இருந்த யாரோ அதைப் போனில் எடுத்து, சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டார்கள். கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன.

"அன்னிலேர்ந்து எந்த விசேசத்துக்கும் வர்றதில்ல. ஊட்லயும் நின்னுகினேதான் துன்றாரு. கேட்டா முட்டி வலிக்குது, குந்தினா எழுந்துக்க முடியலன்றாரு. ஆவணி பொறந்தா சுவேதாவைக் கேட்டு வேப்பம்பட்டுலேர்ந்து மாப்ள வூட்டுக்காரங்க கை நனைக்க வராங்க. பொண்ணப் பெத்தவரு நின்னுகினே இருந்தா இன்னா நெனைப்பாங்க?"

ஹேமாவதி யோசித்தாள். "அண்ணனுக்கு மட்டும் ஒண்ணு தனியா செஞ்சா நல்லாருக்காதுக்கா. அது பாக்குறதுக்கே தனியாத் தெரியும். அவருக்கு இன்னும் கூச்சமாயிடும். உங்க மேசைக்கு ஆறு நாற்காலி போட்டுடலாம். ஆறும் ஒரே மாதிரி. எதுல யார் உட்கார்ந்தாலும் தாங்கணும்."

அஞ்சலைக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. "ஆனா அவருக்குச் சொல்லாத" என்று எச்சரித்துவிட்டுப் போனாள். போகிற வழியில் இரண்டு பேரிடம் அவளே சொன்னாள்.

பூந்தமல்லி மரவாடியில் வேங்கைப் பலகை வாங்கி வந்தாள் ஹேமாவதி. முதலில் ஒரு நாற்காலியை முழுதாகச் செய்து பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்கலாம் என்று நினைத்தாள். இருக்கையைக் கொஞ்சம் அகலமாக வைத்தாள். முதுகுப் பலகையை லேசாக வளைத்து இழைத்தாள். சட்டத்தின் முனையை மெலிதாகச் செதுக்கி, காலில் தோண்டிய துளைக்குள் இறக்கி, பசை போட்டு இறுக்கினாள். பார்க்க அழகாக இருந்தது. அவளுக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

அந்த நாற்காலி காய்ந்து முடிந்த நாள் சாயங்காலம் வேம்புலி கேட் அருகில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"இன்னா தங்கச்சி, எனுக்குனு ஸ்பெசலா சேர் அடிக்கிறியாமே? டீக்கடைல கேக்குறான், அண்ணாத்தே சேருக்கு இரும்புக் கால் வெக்கிறாங்களானு. ஊரு சிரிச்சது பத்தாதா? நீ வேற இன்னாத்துக்கு?"

"அப்படி இல்லண்ணே, உங்க வீட்டு மேசைக்கு ஆறு..." என்று ஹேமாவதி ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் வோணாம். வுட்டுரு."

அந்த நேரத்தில் இளங்கோ வேலை முடிந்து வந்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். எதுவும் கேட்காமல் இருப்பது நல்லது என்று நினைத்து, எதிரில் இருந்த புது நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். கயிறு முடிச்சு விழுந்திருந்தது. காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலியைப் பின்னங்கால் இரண்டில் சாய்த்து, முடிச்சை இழுத்தான்.

டக்கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி இளங்கோ தரையில் கிடந்தான். ஒரு கையில் ஷூ. மார்பு மேல் முதுகுப் பலகை.

ஹேமாவதி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது வேம்புலியின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது, தெருக்கோடி வரைக்கும் கேட்கும் சிரிப்பு. கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"மச்சான்! நீ ஒரு மூட்டை பஞ்சு வெயிட்டு கூட வர மாட்டியே! உன்னையே தாங்கலியா?"

இளங்கோவும் தரையில் கிடந்தபடியே சிரித்தான். "தூக்கிவிடுங்கண்ணே முதல்ல."

வேம்புலி ஒரு கையால் அவனைத் தூக்கி நிறுத்தினார். ஹேமாவதி நாற்காலியின் உடைந்த சட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"சாஞ்சு உட்காரும்போது பாரம் எல்லாம் இந்த ஒரு இடத்துலதான் வருது. பாக்க அழகா இருக்கணும்னு முனையை ரொம்ப மெலிசா இழைச்சிட்டேன். என் தப்புதான். உட்கார்ந்தவர் மேல எந்தத் தப்பும் இல்ல."

வேம்புலியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவளையே பார்த்தார்.

"அன்னிக்கு இத்த ஒருத்தரும் சொல்லல தங்கச்சி" என்றார். "சேரு ஒடஞ்சிதுன்னு ஒருத்தரும் சொல்லல. வேம்புலி ஒடச்சிட்டாருன்னுதான் சொன்னாங்க."

ஹேமாவதி உள்ளே போய் மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவர் நின்றுகொண்டே குடித்தார். ஆனால் நிதானமாகக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அப்போ அடுத்த தபா எப்டி செய்வ?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து மதிய நேரத்தில் லாரி வேலை குறையும்போதெல்லாம் அவர் வந்துவிடுவார். ஹேமாவதி இந்தத் தடவை முனைகளைப் பருமனாகவே விட்டாள். நான்கு கால்களையும் கீழே குறுக்குச் சட்டத்தால் இணைத்தாள். இளங்கோ வீட்டிலிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசை காய்ந்த முதல் நாற்காலியை எப்படிச் சோதிப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, வேம்புலி லாரியிலிருந்து ஸ்டெப்னி டயரை உருட்டிக்கொண்டு வந்தார். ஒரே தம்மில் தூக்கி நாற்காலி மேல் வைத்தார். நாற்காலி ஒரு சத்தமும் போடவில்லை.

"மச்சான், நீ ஏறு."

"எதுக்குண்ணே?"

"டயர் மேல ஏறி குந்து. பாப்போம்."

இளங்கோ டயர் மேல் ஏறி உட்கார்ந்தான். தலை மேலே தொங்கிய விளக்கில் இடித்தது. வேம்புலி நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டினார். எதிர்வீட்டு மாடியில் துணி எடுக்க வந்தவர்கள் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு இணைப்பும் அசையவில்லை. "சோக்கா கீது!" என்று வேம்புலி ஹேமாவதியின் மேசையில் ஓங்கித் தட்டினார். உளி ஒன்று கீழே விழுந்தது.

மற்ற ஐந்து நாற்காலிகளும் அதே சோதனையைக் கடந்தன. உப்புத்தாள் தேய்க்கும் வேலையை வேம்புலி தானே எடுத்துக்கொண்டார். அந்தப் பெரிய விரல்களால் முதுகுப் பலகையின் வளைவுகளை அவ்வளவு மெதுவாகத் தேய்த்தார். தேய்த்த இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சொரசொரன்னுகீது" என்று திரும்பத் தொடங்குவார். ஆனால் ஒருநாளும் உட்காரவில்லை. ஹேமாவதியும் உட்காரச் சொல்லவில்லை. சொன்னால் வருவதை நிறுத்திவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

ஆவணியில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஹேமாவதி காலையிலேயே அஞ்சலை வீட்டுக்குப் போய் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகளும் எண்ணெய் பூசிய மினுமினுப்போடு நின்றன. மாப்பிள்ளை தேவா, அவன் அப்பா ஜெகதீசன், மாமா, சித்தப்பா என்று ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். வேம்புலி, "நா பரிமாறறேன், நா பரிமாறறேன்" என்று கூட்டுப் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அஞ்சலை அடுப்படியிலிருந்து அவரை முறைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா பத்மா மட்டும் உட்காரவில்லை. நல்ல பருமனான பெண்மணி. ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டு, "எனக்கு இப்பப் பசியில்லீங்க. நீங்கல்லாம் சாப்பிடுங்க. நான் அப்புறம் லேடீஸோட சாப்பிட்டுக்கிறேன்" என்றார். சொல்லும்போதே அவர் கை பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகை யாருக்கும் தெரியாமல் அழுத்திப் பார்த்தது. பார்வை கீழே போய் அதன் கால்களைப் பார்த்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

அதை வேம்புலி பார்த்தார். ஹேமாவதி அடுப்படி வாசலிலிருந்து வேம்புலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டுக் கரண்டி அவர் கையில் அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மாவுக்கு இருப்பது என்ன பயம் என்று அங்கே அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?

பாத்திரத்தை மேசை மேல் வைத்தார். பத்மாவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்தார். ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார். மெதுவாக இல்லை, முழு உடம்போடும். உட்கார்ந்ததோடு நிற்காமல் ஒருதடவை எழும்பி, மறுபடியும் தொப்பென்று உட்கார்ந்தார். சுவேதா அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"குந்துங்க சம்பந்தியம்மா" என்றார். "இது எங்க தங்கச்சி கையால செஞ்சது. லாரி ஸ்டெப்னிய மேல வெச்சி, அதுக்கு மேல ஆளையும் ஏத்தி டெஸ்ட் பண்ணிகீறோம். ஆறும் ஒண்ணுதான். எதுல வோணா தெகிரியமா குந்துங்க."

பத்மா அவரைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதரின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு அது சும்மா நின்றது. பத்மா அடுத்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்து, முதுகைச் சாய்த்தார்.

"நல்லா இருக்குங்க" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "உண்மையைச் சொன்னா எனக்கு நல்ல பசி" என்றார்.

அஞ்சலை சாதப் பாத்திரத்தோடு வந்து கணவர் இலையில் சோறு வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். "போதும், போதும், இன்னாடி இது, மலை மாதிரி" என்று அவர் கத்திய பிறகுதான் நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாம்பார் எடுக்க உள்ளே ஓடினாள்.

சாப்பிட்டு முடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. இலை எடுத்தார்கள், மேசையைத் துடைத்தார்கள், பேச்சு நிற்கவில்லை. தை மாதத்தில் கல்யாணம் என்று அங்கேயே முடிவானது. வேம்புலி லாரி வேலையில் நடந்த ஒரு கூத்தைச் சொன்னார். ஜெகதீசன் மேசையில் கை தட்டிச் சிரித்தார். பத்மா நாற்காலியின் கைப்பிடியைத் தடவியபடி, "எங்க வீட்டு மேசைக்கும் இதே மாதிரி போட்டுத் தருவியாம்மா?" என்று ஹேமாவதியைக் கேட்டார். "கட்டாயம் போட்டுத் தரேன்மா" என்றாள் ஹேமாவதி. அவள் முகம் சிவந்துவிட்டது.

ஹேமாவதிக்கும் இளங்கோவுக்கும் உட்கார இடம் இல்லை. இளங்கோ வாசற்படி அருகில் சுவரில் சாய்ந்து நின்று பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். ஹேமாவதியும் ஒரு டம்ளரோடு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"எட்டா போட்டிருக்கலாம்" என்றான் அவன்.

"பேசாம குடிங்க" என்றாள் அவள். உள்ளே வேம்புலி இன்னொரு கதையை ஆரம்பித்துவிட்டார்.