கைப்பழக்கம்

சலூன்காரர் நாற்காலிகளை மூன்றாம் முறையாக இடம் மாற்றிக்கொண்டிருந்தார். முதலில் சுவரோரம், அப்புறம் வாசலோரம், இப்போது மறுபடியும் சுவரோரம். துக்கம் கேட்க வந்தவர்கள் எழுந்து எழுந்து வழிவிட்டு அலுத்துப்போனார்கள்.

"அண்ணே, கொஞ்சம் உக்காருங்களேன்" என்றார் பேண்ட் மாஸ்டர்.

"இருக்கட்டும், இருக்கட்டும்."

முன்னறைக் கட்டிலில் சலூன்காரரின் தம்பி கிடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து இன்னும் அரை மணி ஆகவில்லை. கல்யாண பேண்டில் இருபது வருஷம் ட்ரம்பெட் ஊதிய ஆள். ஊதினால் பின்மண்டையில் வலி தெறிக்கும். இருமினாலும் அதே, சிரித்தாலும் அதே. சைனஸ் என்றார் ஒரு டாக்டர். கண்ணாடியை மாற்றச் சொன்னார் இன்னொருவர். எல்லாம் மனசுதான் என்று மூன்றாமவர் கைகழுவிவிட்டார். கடைசியில், சனிக்கிழமைதோறும் அண்ணன் தாடையில் ஒரு கையும் உச்சியில் ஒரு கையும் வைத்து எடுக்கிற கழுத்துச் சொடுக்குதான் தம்பிக்கு வைத்தியம் என்று ஆயிற்று.

போன மாதம்தான் ஒரு டாக்டரம்மா அவரை எதிரே உட்காரவைத்து இருமச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஸ்கேன் படத்தில் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"சிறுமூளையோட நுனி, மண்டையோட்டு ஓட்டை வழியா கழுத்துக்குள்ள இறங்கியிருக்கு. சியாரின்னு பேரு. சிலருக்கு முதுகுத்தண்டு நீர் கசிஞ்சு பிற்காலத்துல இது வரும், அதுக்கு வைத்தியம் வேற. உங்களுக்குப் பிறவியிலயே இருக்கு. பின்னாடி எலும்பைக் கொஞ்சம் எடுத்து இடம் விடணும். அதுவரைக்கும் யாரும் கழுத்தைத் திருப்பக் கூடாது. சலூன்ல சொடுக்கு எடுக்கறதெல்லாம் கூடவே கூடாது."

"சலூனே என் பக்கத்துலதான் உக்காந்திருக்கு டாக்டர்" என்று தம்பி சிரித்தார். சிரித்த வலியில் தலையைப் பிடித்துக்கொண்டார்.

இன்று ஆஸ்பத்திரியில் சேர்வதாக இருந்தது, நாளை ஆபரேஷன். பின்தலையை மழிக்க அங்கேயே ஆள் உண்டு. என் தம்பி தலையில் எவனோ கத்தி வைப்பதா என்று அண்ணனுக்கு வீம்பு. நேற்று மாலை கடையில் தானே மழித்தார். துண்டால் துடைத்தார், பவுடர் போட்டார். அடுத்து அவர் கைகள் தாடைக்கும் உச்சிக்கும் தாமாகப் போயின. முப்பது வருஷப் பழக்கம். சத்தம் கேட்ட பிறகுதான் செய்தது உறைத்தது.

கண்ணாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல, விடுண்ணே" என்றார் தம்பி.

விடிகாலையில் மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"கழுத்துல அடிகிடி ஏதாவது பட்டுச்சா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

"இல்லை" என்றாள் தம்பி மனைவி. பக்கத்தில் நின்ற சலூன்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளிடமாவது சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காது. வீடு வந்ததிலிருந்து நாலு தடவை அவளருகே போனார். ஒவ்வொரு தடவையும் யாராவது குறுக்கே வந்தார்கள், அவரும் அதுதான் சாக்கென்று நாற்காலிகளிடம் திரும்பினார். ஐந்தாம் தடவை அவள் சமையலறையில் தனியாகக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா... நேத்து கடையில..."

"தெரியும் மாமா." குழாயை மூடினாள். "வந்ததுமே சொன்னாரு. அண்ணன் பழக்கதோஷத்துல எடுத்துட்டாரு, பாவம், யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. சொல்லல."

அவள் முகத்தில் கோபமா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு முன்னறைக்குப் போனாள். அவரும் பின்னாலேயே போனார்.

தலையணை நழுவி, தம்பியின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

"தலை சாஞ்சிருக்கு மாமா. நேரா வைங்க."

பேண்ட் மாஸ்டர் எழுந்து வந்தார். "நான் வைக்கறேம்மா."

"வேணாம். அவரே வைக்கட்டும்."

சலூன்காரர் இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஒரு கையைத் தாடைக்குக் கொடுத்தார். உச்சிக்குப் போன மற்ற கையைப் பாதியில் நிறுத்தி, பின்கழுத்துக்கு அடியில் மெதுவாக நுழைத்தார். நேற்று போட்ட பவுடர் விரல்களில் ஒட்டியது.